பாவாடைக்குள் ஒரு பாக்கெட்: கேள்வி பதில்

நாடகங்களுக்குப் பழங்கால ஐரோப்பிய உடைகள் தைப்பவள் நான். அந்தக் காலப் பெண்களின் பைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: அக்கா, கல்லூரி நாடகத்தில் 1760களின் ஆங்கிலேயச் சீமாட்டி வேடம். கையில் என்ன பை கொடுக்கலாம்?

பதில்: கையில் ஒன்றும் வேண்டாம். அன்று பை இருந்தது இடுப்பில், அதுவும் உள்ளே. பேரிக்காய் வடிவத் துணிப்பை ஒன்றையோ இரண்டையோ நாடாவில் கோத்து, பாவாடைக்கு அடியில் கட்டிக்கொள்வார்கள். பையின் முகப்பில் நெடுக்காக ஒரு வெட்டு. பாவாடையிலும் கவுனிலும் பக்கவாட்டுத் தையலில் திறப்பு விட்டிருப்பதால் கை நேரே பைக்குள் போகும். உடையோடு தைக்காததால் எந்த உடைக்கும் அதே பைதான். ஒரு அடிக்கு மேல் நீளமானவையும் உண்டு. சாவி, கத்தரிக்கோல், தைக்கும்போது விரலில் மாட்டும் அங்குஸ்தான், காசு எல்லாம் அதற்குள். யார் கண்ணிலும் படாத பைக்கு எத்தனை பூவேலை செய்திருக்கிறார்கள் தெரியுமா! தயவுசெய்து கவுனுக்கு மேல் கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: திறப்பு எங்கே வைக்க வேண்டும்?

பதில்: பக்கவாட்டில். மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: திருடு போகாதா?

பதில்: போகும். நாடாவை அறுத்துப் பையோடு கொண்டுபோன வழக்குகள் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றப் பதிவுகளில் உண்டு. அதற்கும் முன்பு, பர்ஸை வெளியே கச்சையில் தொங்கவிட்ட காலத்தில், ஆங்கிலத்தில் திருடனுக்கே ‘பர்ஸ் அறுப்பவன்’ என்று பெயர். நம் முடிச்சவிழ்க்கிக்குப் பங்காளி.

கேள்வி: கலம்காரித் துணியில் பை தைக்கலாமா?

பதில்: கலம்காரி மாதிரி அச்சுப் பருத்தி உடுத்த இங்கிலாந்தில் 1721இல் போட்ட தடை 1774 வரை இருந்தது. மீறியவர்களும் உண்டு. உங்களுக்கு வெள்ளை லினனே போதும்.

கேள்வி: பெண்களை அடக்கத்தான் பாக்கெட்டைப் பிடுங்கினார்கள் என்று வாட்ஸப்பில் வந்ததே?

பதில்: யாரும் பிடுங்கவில்லை. 1790களில் இடுப்புக்கோடு மார்புக்குக் கீழே ஏறியது, துணி மெல்லிய மஸ்லினாயிற்று. உள்ளே பை கட்டினால் புடைத்துத் தெரியும். அதனால்தான் கையில் ‘ரெட்டிக்யூல்’ வந்தது. கயிறு இழுத்து மூடும் பை. நம் சுருக்குப்பை மாதிரி. பழைய பையும் ஒழிந்துவிடவில்லை, 19ஆம் நூற்றாண்டிலும் கட்டினார்கள்.

கேள்வி: ஆண்களுக்கு மட்டும் கோட்டிலேயே தைத்துக் கொடுத்தார்களே? வக்காலத்து வாங்காதீர்கள்.

பதில்: வாங்கவில்லை. கோட்டை மாற்றினால் அவனுடைய பாக்கெட்டும் போச்சு. இவளுடைய பை இடுப்போடு இருக்கும். கோபப்பட வேண்டிய இடம் வேறு. கல்யாணமான பெண்ணின் பையில் கிடந்த காசு, அவள் உழைத்துச் சம்பாதித்ததே ஆனாலும், சட்டப்படி பொதுவாகக் கணவனுடையது. 1870இல் வந்த சட்டம்தான் சம்பாத்தியத்தை அவளுக்கு விட்டது. மற்ற சொத்துக்கு 1882 வரை காத்திருந்தாள். பை அவளுடையது, பணம் அவனுடையது. வாட்ஸப்பில் இதை அனுப்புங்கள்.

கேள்வி: அக்கா, அந்தத் திறப்பு முன்னாலா, பின்னாலா?

பதில்: பக்கவாட்டில் அப்பா, பக்கவாட்டில்!