முனகும் ஸ்டீயரிங், ஆடும் சக்கரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வண்டியைத் திருப்பும்போதெல்லாம் பானட்டுக்குள் முனகல் சத்தம். இரண்டு மாதத்தில் இரண்டு தடவை பவர் ஸ்டீயரிங் ஆயில் ஊற்றிவிட்டேன். பம்ப் போய்விட்டதா?

பதில்: பம்பைக் கழற்றும் முன் ஆயில் எங்கே போகிறது என்று பாருங்கள். இது எரிந்து தீர்கிற ஆயில் அல்ல, குறைந்தால் கசிவுதான். ரேக்கின் (ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் குறுக்குத் தண்டு அமைப்பு) இரு முனையிலும் இருக்கும் மடிப்பு ரப்பர் உறையை அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தளும்பினால் ரேக் சீல் போயிருக்கிறது. அது வீட்டில் முடிகிற வேலை இல்லை. உறை காய்ந்திருந்தால் ஹோஸ் இணைப்புகளைத் துடைத்துவிட்டு மறுநாள் ஈரம் எங்கே என்று தேடுங்கள். ஆயில் டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸ் கொஞ்சம் கள்ளத்தனமானது. அதன் கிளாம்ப் தளர்ந்தால் ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் காற்றை உள்ளே இழுக்கும். டப்பாவில் நுரை தெரிந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

கசிவை அடைத்த பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம். இன்ஜினைப் போடாமல், ஸ்டீயரிங் பூட்டை மட்டும் விடுவித்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாக 15, 20 தடவை திருப்புங்கள். குமிழி வரவர டப்பாவில் அளவு இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழி நின்றதும் இன்ஜினைப் போட்டு இன்னும் சில தடவை. கோடியில் 5 வினாடிக்கு மேல் பிடித்து வைத்தால் பம்ப் சூடேறும்.

ஆயிலை நிறம் பார்த்து வாங்காதீர்கள். ஏடிஎஃப் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலைக் கேட்கும் வண்டியும் உண்டு, அது ஆகாத வண்டியும் உண்டு. டப்பா மூடியில் அல்லது கையேட்டில் போட்டிருக்கும் ரகமே சரி.

கேள்வி: பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டக் டக்' என்கிறது. டை ராட் எண்டை நானே மாற்றலாமா?

பதில்: டை ராட் எண்ட் என்பது ஸ்டீயரிங் தண்டைச் சக்கரத்தின் பக்கம் இணைக்கும் மூட்டு. முதலில் அதுதானா என்று பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் 9 மணி, 3 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் டை ராட் பக்கம். 12, 6 மணியில் ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங்.

மாற்றுவதாக இருந்தால் அந்த மூட்டைத் தண்டில் இறுக்கி வைத்திருக்கும் லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். மேல் நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை உருவி, அந்த நட்டைக் கழற்றி, புல்லர் (மூட்டைப் பிரிக்கும் கருவி) போட்டு விடுவியுங்கள். போல்ட் நுனியில் சுத்தியலால் அடித்தால் மரைதான் நசுங்கும். பழையதைச் சுழற்றி எடுக்கும்போது சுற்றுகளை எண்ணுங்கள். 17 சுற்றில் வந்தால் புதியதும் 17 சுற்று உள்ளே போக வேண்டும். மேல் நட்டைக் கையேடு சொல்லும் டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) முறுக்கிய பிறகு காட்டர் பின்னின் துளை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் முறுக்குங்கள், ஒருபோதும் தளர்த்தாதீர்கள். காட்டர் பின் புதிதாகவே இருக்கட்டும். எவ்வளவு கவனமாக எண்ணினாலும் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். ஒரு சுற்றின் சிறு பிசகே டயரின் ஓரத்தைத் தின்றுவிடும்.

கேள்வி: என் வண்டியில் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங். திடீரென்று கனக்கிறது.

பதில்: டயர் காற்று, பேட்டரி டெர்மினல், ஃபியூஸ், இந்த வரிசையில் பாருங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் போட வேண்டும். ஸ்டீயரிங் வளையத்தை மட்டும் கழற்றிவிடாதீர்கள். நடுவில் ஏர்பேக் இருக்கிறது.