கடிதம்: சாமியாரைக் கூப்பிட்டா அம்மா பயந்துருவாங்களா?

வணக்கம் அண்ணே,

பேரு போட வேண்டாம், பட்டர்வொர்த் பக்கம்னு மட்டும் வச்சுக்கோங்க. அம்மாவுக்கு 87 வயசு. ஹார்ட் ரொம்ப வீக்காயிருச்சு, இனிமே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு அலைய வேண்டாம், வீட்டுல வச்சு பாத்துக்கோங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நெனவு நல்லா இருக்கு, கொஞ்சமா பேசுறாங்க, ஜெபமாலை மட்டும் கையை விட்டு எறங்குறதில்ல. தோட்டத்துல பொறந்து, பால்மரம் வெட்டி எங்க நாலு பேரையும் ஆளாக்குனவங்க. ஆயுசு முழுக்க கத்தோலிக்கம்.

பெரியண்ணன் ரொம்ப வருசமா வேற சபைக்கு போறாரு. வேக்ல (அடக்கத்துக்கு முந்தி வீட்டுல கூடி ஜெபிக்கிற ராத்திரில) ஜெபமாலை, சொரூபம், மெழுகுவத்தி எதுவும் வேண்டாம், எங்க பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணி அடக்கம் பண்ணட்டும், அம்மா கடைசியிலயாவது ரட்சிக்கப்படணும்ங்கிறாரு. தம்பி என்னடான்னா கோயில் சாமியாரையே கூப்பிடாதீங்க, அம்மா தனக்கு நேரம் வந்துருச்சுன்னு பயந்துருவாங்கங்கிறான். நான் கட்டிக்கிட்டது இந்து குடும்பத்துல, பூசைக்கு போயி எத்தனையோ வருசமாச்சு, நம்பிக்கை இருக்கான்னு கேட்டா எனக்கே தெரியாது. ஆனா ராத்திரி பகல் அம்மா பக்கத்துல இருக்கிறது நான்தான். நீதான் அம்மாவ பத்தி பேசணும்னு எல்லாரும் சேந்து என் தலையில கட்டிட்டாங்க. எழுத ஒக்காந்தா பேப்பர்ல வர்ற கண்ணீர் அஞ்சலி மாதிரியேதான் வருது. நம்பாத நான் அவங்க விசுவாசத்த பத்தி பேசுறது நடிப்பு இல்லையா? அதுவும் உயிரோட இருக்கும்போதே எழுதுறது பாவம் மாதிரி இருக்கு. என்ன பண்ணட்டும் அண்ணே?

---

அன்புள்ள தங்கச்சிக்கு,

மொதல்ல சாமியார் விசயத்த முடிச்சுருவோம், மத்ததெல்லாம் காத்திருக்கும், இது காத்திருக்காது. இந்த வாரமே கூப்பிடுங்க.

உங்க தம்பி சொல்ற பயம் சும்மா வந்ததில்ல. அந்தக் காலத்துல மூச்சு இழுக்குற நேரத்துலதான் ஆள் விட்டு சாமியார கூட்டியாருவாங்க, தோட்டத்துக்கு அவரு வந்து சேர்றதுக்குள்ள பாதிப் பேருக்கு நெனவே இருக்காது, அதனால சாமியார் எண்ணெயோட வீட்டுக்குள்ள நுழைஞ்சாலே சாவுன்னு நம்மாளுங்க மனசுல ஒட்டிக்கிச்சு. ஆனா ஆயர்மாருங்க எல்லாம் ரோமாபுரியில கூடுன இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே இத மாத்தி சொல்லிருச்சு. சாகக் கெடக்குறவங்களுக்கு மட்டும்னு இல்ல, நோயாலயோ வயசாலயோ ஆபத்து ஆரம்பிக்கும்போதே எண்ணெய் பூசலாம். ஒரு தடவைதான்னும் கெடையாது. எங்கம்மாவுக்கு மொத தடவ பூசுன சாயங்காலம் எழுந்து ஒக்காந்து கோப்பி கேட்டாங்க, அப்புறம் நல்லா நாள் கழிச்சுதான் போனாங்க. நெனவோட இருக்கும்போது வந்தா பாவசங்கீர்த்தனம் பண்ணலாம், நன்மை (நற்கருணை) வாங்கலாம், அவங்களும் சேந்து மந்திரம் சொல்லலாம். நெனவு போன பிறகு கூப்பிட்டா இதுல பாதி அவங்களுக்கு கெடைக்காம போயிரும். பயப்படுவாங்களான்னு நீங்க அக்கா தம்பி அடுப்படியில நின்னு பேசிக்கிறத விட அம்மாகிட்டயே கேளுங்களேன். "சாமியார் வந்து மந்திரிச்சுட்டு போகட்டுமாம்மா?" அவ்வளவுதான் கேள்வி. பயப்படுறது பெரும்பாலும் பிள்ளைங்கதான், 87 வயசுக்காரங்க அதையெல்லாம் எப்பவோ யோசிச்சு முடிச்சிருப்பாங்க.

அடுத்தது பெரியண்ணன். அவருக்கு பாசம் இல்லன்னு நான் சொல்லமாட்டேன், அம்மா நல்ல எடத்துக்கு போகணும்னுதான் அந்த மனுசன் தவிக்கிறாரு. ஆனா ஆயுசு முழுக்க ஆண்டவரே ஆண்டவரேன்னு இருந்தவங்கள படுக்கையில வச்சு, நீங்க இன்னும் ரட்சிக்கப்படலன்னு சொல்றது எனக்கு கொடுமையாதான் படுது. எண்ணெய் பூசுறதுக்கு அவரு ஆட்சேபணை சொன்னா யாக்கோபு 5ம் அதிகாரம் 14ம் வசனத்த எடுத்து படிக்க சொல்லுங்க, வியாதிக்காரனுக்கு மூப்பர வரவழைச்சு எண்ணெய் பூசி ஜெபம் பண்ண சொல்றது அதுலதான் இருக்கு, அவங்க மாதிரி பல சபைங்கள்லயும் அத வச்சுத்தான் பூசுவாங்க, அவருக்கு மனப்பாடமாவே தெரிஞ்சிருக்கும். அவர ஒதுக்கியும் வைக்காதீங்க, வேல குடுங்க. 23ம் சங்கீதம் அவரு பைபிள்லயும் இருக்கு அம்மா பைபிள்லயும் இருக்கு, தினம் சாயங்காலம் வந்து அம்மாவுக்கு அத வாசிச்சு காட்டட்டும், வேக்லயும் அவரே வாசிக்கட்டும். பாஸ்டர் வந்து நாலு வார்த்தை ஜெபிச்சுட்டு போறதுலயும் தப்பில்ல. ஆனா கையில இருக்குற ஜெபமாலைய யாரும் எடுக்கக்கூடாது, அடக்கம் கோயில்லதான், இந்த ரெண்டும் பேச்சுவார்த்தைக்கு உரியது இல்லன்னு கறாரா சொல்லிருங்க. அம்மா வாயால அவரே கேட்டுட்டா இன்னும் நல்லது, தெம்பு இருக்கிற ஒரு நாளு நாலு பிள்ளைங்களையும் ஒண்ணா ஒக்கார வச்சு கேட்ருங்க.

இதையே உங்களுக்கும் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் பக்கத்து சனங்க வருவாங்க, அவங்க மனசு நோகக்கூடாதுன்னு "எங்கம்மா எல்லா சாமியையும் ஒண்ணாத்தான் பாத்தாங்க"ன்னு பேச்சுல சேத்துறாதீங்க. நெசமாவே அப்படி இருந்திருந்தா சொல்லுங்க. இல்லன்னா அண்ணன் ஒரு பக்கம் இழுக்குறாரு, நீங்க இன்னொரு பக்கம் இழுக்குறீங்க, அவ்வளவுதான் வித்தியாசம். உங்கம்மா மாதாவ கும்பிட்ட, அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏத்துன, வெள்ளிக்கெழம கறி தின்னாத ஒரு தோட்டத்து கத்தோலிக்க கெழவி. அப்படியே அனுப்பி வைங்க.

இப்ப பேச்சு. பத்திரிகை அஞ்சலி மாதிரி வருதுன்னு சொல்றீங்க, வராம என்ன செய்யும், "பக்தி நிறைந்தவர், ஜெபத்தில் உறுதியானவர், அன்பின் சிகரம்" இதெல்லாம் அச்சடிச்சு வச்ச வார்த்தை, யாரு அம்மாவுக்கு வேணாலும் பொருந்தும். உங்கம்மா என்ன செஞ்சாங்கன்னு எழுதுங்க. எங்கம்மா ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசிய எடுத்து தனி டின்னுல போடுவாங்க, கோயிலுக்கு. வீட்டுல அரிசி தட்டுப்பாடா இருக்கும், அப்பா சத்தம் போடுவாரு, அப்பவும் போடுவாங்க, பிடி கொஞ்சம் சின்னதாகும் அவ்வளவுதான். விடியக்காலைல பெரட்டுக்கு (தோட்டத்துல ஆள் கணக்கெடுக்குறதுக்கு) போறதுக்கு முன்னாடி இருட்டுல மண்ணெண்ணெய் வெளக்க ஏத்திவச்சு முட்டி போட்டு சொல்ற ஜெபம், மங்கு கழுவிக்கிட்டே முணுமுணுக்குற ஜெபம், அதுல நடுவுல எங்கள திட்டுறதும் வரும், திட்டி முடிச்சுட்டு விட்ட எடத்துலருந்து அப்படியே தொடருவாங்க. சாமியார் மாசத்துக்கு ஒருக்கா தோட்டத்துக்கு வருவாரு, மத்த ஞாயித்துக்கெழமைங்கள்ல இவங்களே பொம்பளைங்க நாலு பேர சேத்து ஜெபமாலை சொல்லிக்கிட்டாங்க, யாரும் சொல்லிக் குடுக்கல, யாரும் கணக்கு கேக்கல. அவங்களோட கிறிஸ்தவ வாழ்க்கைன்னா எனக்கு இதுதான் தெரியும், வேதசாஸ்திரம்லாம் அவங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. உங்கம்மாவுக்கும் இப்படி ஒரு டின்னு இருக்கும், தேடுங்க.

தேடுறதுக்கு சுலபமான வழி அம்மாகிட்டயே கேக்குறது. உங்கம்மா வயசுக்கு, கம்யூனிஸ்ட்டுங்களோட சண்ட நடந்த எமர்ஜென்சி ஆரம்பிச்ச 1948ல பத்து வயசு பக்கம் இருந்திருக்கும், அந்த காலத்துல புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மா கோயில் பக்கமே கறுப்பு வட்டாரமா (கம்யூனிஸ்ட் நடமாட்டம் உள்ள எடம்னு அரசாங்கம் குறிச்சதா) இருந்துச்சு, 1888ல கட்டுன பழைய கோயில்ல பூசை நின்னு போயி கெடந்துச்சு, இப்ப பெசிலிக்கா ஆயி சூலை 26 திருநாளுக்கு ரோடெல்லாம் கார் நிக்குறத பாக்குறவங்களுக்கு அது நம்ப முடியாது. அம்மா மொத மொதல்ல அங்க எப்ப போனாங்க, யாரு கூட்டிட்டு போனா, நடந்தா லாரியிலயா, என்ன வேண்டிக்கிட்டாங்கன்னு கேளுங்க. கல்யாண பூசை லத்தீன்லதான் நடந்திருக்கும், ஒரு வார்த்தையும் புரியாம எப்படி நின்னீங்கன்னு கேளுங்க. எங்கம்மாகிட்ட கேட்டதுக்கு "ஆண்டவருக்கு புரிஞ்சா போதாதா"ன்னு சொன்னாங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணிக்குங்க. சோர்ந்துட்டா விட்ருங்க, நாளைக்கு கேக்கலாம்.

அப்படியே வேற சில விசயமும் கேட்டு வச்சுக்கங்க. எந்த சேலை, எந்த ஜெபமாலை கூட போகணும், என்ன பாட்டு. பொதைக்கிறதா எரிக்கிறதாங்கறதுதான் பெரிய கேள்வி, அடக்க நேரத்துல சண்ட வர்றதும் பெரும்பாலும் இதுலதான். பழைய ஆளுங்க எரிக்கிறது பாவம்னே நெனச்சிட்டிருப்பாங்க, ஆனா 1963லருந்து திருச்சபை அத அனுமதிச்சிருக்கு. அஸ்திய கடல்ல கரைக்கவோ பிள்ளைங்க பங்கு போட்டுக்கவோ கூடாது, கல்லறையிலயோ கோயில்ல அதுக்குன்னு இருக்குற எடத்துலயோ வைக்கணும்னு 2016ல ரோமாபுரியிலருந்து தெளிவா சொன்னாங்க. உங்க தம்பி ஒருவேளை பத்து ஃபெரிங்கி கடல்னு ஆரம்பிச்சா இத சொல்லுங்க. எங்கப்பா வெஸ்டர்ன் ரோடு கல்லறையில இருக்காரு, அம்மாவுக்கு அவரு பக்கத்துலதான் போகணும்னு பிடிவாதம், அத முன்னாடியே சொல்லி வச்சதால எங்க வீட்டுல யாரும் வாயே தெறக்கல.

நடிப்பு இல்லையான்னு கேட்டீங்களே. நம்புறேன்னு நீங்க சொன்னாதான் நடிப்பு. அவங்க நம்புனாங்க, நான் பக்கத்துல இருந்து பாத்தேன்னு சொன்னா அது சாட்சி, கோர்ட்லயும் அவ்வளவுதான் கேப்பாங்க. மோட்சத்துல இருக்காங்க, மறுபடி பாப்போம், இதெல்லாம் உங்க வாயில வரலன்னா விட்ருங்க, அத சொல்றதுக்கு சாமியார் இருக்காரு, அவரு வேலை அது. பூசையில நன்மை வாங்க எல்லாரும் எழுந்து போகும்போது நீங்க ஒக்காந்தே இருக்கலாம், இல்ல நெஞ்சுல கைய குறுக்கா வச்சுக்கிட்டு போனா ஆசீர்வாதம் மட்டும் குடுப்பாங்க. உங்க வீட்டுக்காரர் ஆளுங்களுக்கும் இத முன்னாடியே சொல்லிருங்க, தெரியாம கைய நீட்டிட்டு அப்புறம் சங்கடப்படுவாங்க.

பேசுற எடமும் முக்கியம். அடக்க பூசையில பிரசங்கம் இறந்தவங்கள புகழுறதுக்கு இல்லங்கிறது கோயில் ஒழுங்கு, குடும்பத்துல ஒருத்தர் பேசணும்னா நன்மை குடுத்து முடிஞ்ச பிறகு, கடைசி மந்திரிப்புக்கு முன்னாடி கொஞ்ச நேரம் விடுவாங்க, அதுவும் சாமியார்கிட்ட முன்கூட்டியே கேட்டு வைக்கணும். அஞ்சு நிமிசத்துக்கு மேல போகாதீங்க. அரிசி டின்னு மாதிரி ரெண்டு விசயம் போதும். சிரிப்பு வர்றது, திட்டு வாங்குனது, மருமகளோட சண்ட போட்டது இதெல்லாம் முந்தின நாளு வேக்ல சொல்லலாம், அங்க நேரம் நெறைய இருக்கு, கேக்குறதுக்கு ஆளும் இருக்கும்.

உயிரோட இருக்கும்போதே எழுதுறது பாவமே இல்ல. நான் ஒரு படி மேல போயி சொல்றேன், எழுதி முடிச்சதும் அம்மாவுக்கே படிச்சு காட்டுங்க. சாவு வீட்டுல பேசறதுக்குன்னு சொல்லத் தேவயில்ல, உங்கள பத்தி எழுதுனேம்மான்னு சொன்னா போதும். செத்த பிறகு ஊருக்கே கேக்குற மாதிரி மைக்ல சொல்றோம், சம்பந்தப்பட்டவங்களுக்கு மட்டும் கேக்கறதில்ல. அதோட தப்பா எழுதியிருந்தா அவங்களே திருத்துவாங்க, எங்கம்மா எந்த வருசம் எந்த தோட்டம்னு என்னை நல்லா திருத்துனாங்க. அழுக வந்தா ரெண்டு பேரும் அழுங்க. வழியனுப்புறது அதுக்கு மேல எப்படின்னு எனக்கு தெரியல.

கடைசியா சில்லறை வேலை. வீட்டுல உயிர் போனா போலிஸ் ரிப்போர்ட், பொதைக்கிற பெர்மிட்டுன்னு அந்த நேரத்துல ஓட வேண்டியிருக்கும், அதனால அம்மாவோட ஐசி, ஆஸ்பத்திரி பேப்பர் எல்லாத்தயும் ஒரே கவர்ல போட்டு வைங்க. வீட்டுக்கே வந்து பாக்குற ஹோஸ்பிஸ் நர்ஸ் பினாங்குல இருக்காங்க, டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்க ஒருத்தியா ராத்திரி பகல் பாத்தா நீங்க படுத்துருவீங்க. கோயில் ஆபிஸ்ல சொன்னா வீட்டுக்கே நன்மை கொண்டாந்து குடுப்பாங்க. உங்க வட்டாரத்து பி.இ.சி. (அக்கம்பக்கத்து கத்தோலிக்க குடும்பங்க சேந்த ஜெபக்குழு) ஆளுங்க வேக்ல வந்து ஜெபமாலை சொல்லுவாங்க, ஆனா இப்ப உள்ளவங்க புது ஜெபம்தான் சொல்லுவாங்க, அம்மாவுக்கு வாயில இருக்கிறது பழைய பிரியதத்த மந்திரமாத்தான் ("அருள் நிறைந்த மரியே" ஜெபத்தோட பழைய தமிழ்) இருக்கும். அது முழுசா தெரிஞ்ச பாட்டிங்க ரெண்டு மூணு பேரு இன்னும் உங்க கோயில்ல இருப்பாங்க, அவங்கள இப்பவே பாத்து சொல்லி வச்சுருங்க. ராத்திரில கூட்டிட்டு வந்து கொண்டு போயி விட தம்பிய காரு எடுக்க சொல்லுங்க.