சேலத்தில் ஜவ்வரிசிக்குக் கூட்டுறவுச் சங்கம் இருந்தும் மரவள்ளி விவசாயிக்கு ஏன் விலை கிடைப்பதில்லை?

சங்கம் யாருடையது என்பதில்தான் பதில் இருக்கிறது. 1981-இல் உருவான அந்தச் சங்கத்தின் பெயர் சேகோசர்வ். அதன் உறுப்பினர்கள், மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் (சேகோ) ஸ்டார்ச் மாவும் தயாரிக்கும் ஆலைகளின் உரிமையாளர்கள். குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியைப் போடும் எங்களைப் போன்றவர்கள் அல்ல. ஆலைக்காரர்கள் மூட்டைகளைச் சங்கக் கிடங்கில் அடுக்குகிறார்கள், வியாபாரிகள் ரகசிய டெண்டரில் விலை கேட்கிறார்கள். அந்த ஏற்பாடு ஆலைக்காரர்களுக்கு உண்மையிலேயே பலம் தந்திருக்கிறது. அதே பலம் எங்களுக்கும் வேண்டும் என்கிறேன்.

காய்ந்த ஜவ்வரிசி நல்ல விலைக்காகக் காத்திருக்கும். பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது. இரண்டு நாளில் உள்ளே கறுப்பு நரம்பு ஓடிவிடும். பத்து மாதம் காத்து வளர்த்ததை ஏற்றிய லாரி ஆலை வாசலில் நிற்கும்போது, சொன்ன விலையை வாங்கிக்கொண்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த விலையும் பாயிண்டில், அதாவது கிழங்கிலுள்ள மாவுச்சத்தின் அளவில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. மாதிரிக் கிழங்கைக் கழுவிக் காற்றில் ஒரு முறை, தண்ணீருக்குள் ஒரு முறை நிறுக்கிறார்கள். மாவுச்சத்து கூடினால் தண்ணீருக்குள்ளும் எடை கூடும். அதிலிருந்து பாயிண்டைக் கணக்கிடுகிறார்கள். ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று விலை பேசியிருந்தால், 28 பாயிண்ட் கிழங்குக்கு அதை 28 ஆல் பெருக்க வேண்டும். அதுதான் ஒரு டன்னின் விலை. ஒரே வயலில் ஒரே நாளில் பிடுங்கிய இரண்டு லோடுக்கு ஓர் ஆலையில் 27, இன்னொன்றில் 24 என்று எங்களுக்குச் சொன்னார்கள். எது சரி என்று கேட்க எங்களிடம் தராசு இல்லை. அப்பா ஒன்றும் பேசாமல் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெயரின் மதிப்பில் பங்கு வேண்டுமானால், அரைப்பதும் காயவைப்பதும் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமான ஆலையில் நடக்க வேண்டும். அதற்குப் பணம் திரட்டுவதைவிடக் கடினமான ஒன்று உண்டு. வெளியே டன்னுக்கு நூறு ரூபாய் அதிகம் என்று வியாபாரி வந்து நிற்கும் நாளிலும், உறுப்பினர் கிழங்கைத் தன் சங்கத்துக்கே கொண்டுவர வேண்டும். ஆலை கிழங்கில்லாமல் நின்றால் சங்கம் கடனில் மூழ்கும். ஏக்கர் எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டு என்பதும் முக்கியம். இல்லாவிட்டால் பெரிய பண்ணைக்காரர் இருவர் சொல்வதே முடிவாகிவிடும்.

எங்கள் ஊரில் இப்போதைக்குப் பதினான்கு குடும்பங்கள் சேர்ந்து தராசுக்குப் பணம் போட்டிருக்கிறோம். வரும் தையில் லோடு கிளம்பும் முன் எங்கள் களத்திலேயே மாதிரி நிறுத்து, ஆலைச் சீட்டில் இருக்கும் பாயிண்டுக்குப் பக்கத்தில் எங்கள் பாயிண்டையும் எழுதி வைக்கப் போகிறோம்.