பழைய டீசலா, புது ஹைப்ரிட்டா? கடலூர்த் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உன் கேள்வியை முத்தியால்பேட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் படித்தேன். பிரான்சிலிருந்து லீவில் புதுச்சேரி வந்திருக்கிறேன். நீ கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியா பார். கல்யாணமாகி பாரிஸ் பக்கத்து வில்லியே-லெ-பெல் வந்து ஒரு வருஷம் தாண்டியாகிவிட்டது. ருவாசி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை, விடிகாலை நாலு மணி ஷிப்ட். மாமனார் வழியில் கைக்கு வந்த 2009 மாடல் டீசல் கார் அடிக்கடி மக்கர் பண்ணுகிறது. அதைச் செலவு செய்து ஓட்டுவதா, புதிதாக ஹைப்ரிட் எஸ்யூவி, அதாவது பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது, எடுப்பதா? ஊரில் அப்பா வேண்டாம் என்கிறார், ஷோரூம்காரர் வயர் செருகி சார்ஜ் போடும் பெரிய பிளக்-இன் வண்டியைக் காட்டுகிறார்.

என் பதில்: காரை மாற்று. ஆனால் நீ படம் அனுப்பிய அந்த பிளக்-இன் வண்டி வேண்டாம்.

முதலில் அப்பா விஷயம். போன வாரம் கடலூர் போனபோது மஞ்சக்குப்பத்தில் அவரைப் பார்த்தேன். "ஓடுற வண்டியை வித்துட்டு எவனாவது கடன் வாங்குவானா? நீங்களாவது சொல்லுங்க" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அவர் சொல்வது கடலூரில் நூற்றுக்கு நூறு சரி. வண்டி நின்றுவிட்டால் செம்மண்டலத்திலிருந்து மெக்கானிக் டிவிஎஸ்ஸில் வந்து, மரத்தடியிலேயே கழற்றிப் பார்த்து, பழைய சாமான் கிடைத்தால் அதையே மாட்டிக் கொடுத்து, சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அங்கே சாமானுக்குத்தான் விலை, கூலி அதில் ஒரு ஓரம். பிரான்சில் கணக்கு தலைகீழ். பாரிஸ் சுற்றுவட்டாரத்தில் கராஜ் கூலி மணிக்கு எண்பது, நூறு ஈரோ என்பது சாதாரணம். கம்ப்யூட்டரை மாட்டி என்ன கோளாறு என்று பார்ப்பதற்கே தனியாக பில் போடுவார்கள். அதுவும் ரான்தேவூ (முன்பதிவு நேரம்) வாங்கி நாள் கணக்கில் காத்திருந்த பிறகு. பழைய காரை வைத்து ஓட்டுவது மலிவா இல்லையா என்பதை மெக்கானிக்கின் கூலிதான் தீர்மானிக்கிறது. இதை உன் அப்பாவிடம் இப்படியே சொல், புரிந்துகொள்வார். மனுஷர் கணக்குப் புலி.

இனி உன் டீசல். டேஷ்போர்டில் ஆரஞ்சு நிற எஞ்சின் விளக்கு வருகிறது, போகிறது, ஏற்றத்தில் இழுப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். கராஜ்காரர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் உன் தினசரி ஓட்டத்தைப் பார்த்தால் காரணத்தை ஊகிக்கலாம். அந்தக் காலத்து டீசல்கள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும், கராஜில் 'ஃபாப்' என்பார்கள். சேர்ந்த கரியை எரித்துத் தள்ள எஞ்சின் நன்றாகச் சூடாகி, நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் கால்மணி, இருபது நிமிஷமாவது ஓட வேண்டும். நீ வீட்டிலிருந்து ருவாசிக்குப் போவது பத்துப் பதினைந்து கிலோமீட்டர், அதுவும் குளிர்ந்த எஞ்சினில். சூடேறுவதற்குள் பார்க்கிங் வந்துவிடும். கரி எரியாமல் சேர்ந்து அடைக்கும். புகையில் கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வும் அதே கரியில் சிக்கிக்கொள்ளும். காரைக் குறை சொல்லிப் பயனில்லை, இந்த ஓட்டத்துக்கு அது ஏற்ற வண்டி இல்லை. வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது சட்டவிரோதம், காதில் போட்டுக்கொள்ளாதே.

செப்டம்பரில் 'கோந்த்ரோல் தெக்னிக்', அதாவது வண்டித் தகுதிச் சோதனை, வருகிறது என்றாய். நாலு வருஷம் கடந்த காருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம். தாளில் ஏ என்ற எழுத்து வந்தால் தப்பித்தாய். எஸ் வந்தால் பெரிய குறை, இரண்டு மாதத்துக்குள் சரிசெய்து மறுபடி காட்ட வேண்டும். ஆர் வந்தால் ஆபத்தான குறை, அன்று நள்ளிரவு வரைதான் ஓட்ட அனுமதி. நாலு மணி ஷிப்டுக்காரனுக்கு அந்த ஆர் என்ன செய்யும் என்று யோசி. அந்த நேரத்துக்கு ஆர்இஆர் புறநகர் ரயில் கிடையாது. இரவுப் பேருந்து ஓடுகிறது, ஆனால் அது உன் வீட்டு வாசலில் நின்று உன் கிடங்கு வாசலில் இறக்கிவிடாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் மூன்று தடவை தாமதமாக வந்தால் மேலாளர் காரணம் கேட்க மாட்டார், பெயரைக் குறித்துக்கொள்வார். இந்தக் காரை மாற்று என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் கடன் வாங்காதே. நம் பக்கத்தில் விலை குறைவு என்று கடலூரிலிருந்து முள்ளோடை பங்க் வரை வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, உனக்குத் தெரியும். லிட்டர் கணக்கு பார்க்கும் புத்தி நமக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. பார்த்தே விடுவோம். வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் என்று வை. உன் டீசல் நூறு கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடித்தால் 900 லிட்டர். ஹைப்ரிட் 5 லிட்டர் குடித்தால் 750. மிச்சம் 150 லிட்டர். லிட்டர் 1.70 ஈரோ என்றாலும் 255 ஈரோ. புது வண்டியின் ஒரு மாதத் தவணைக்குக்கூடப் பற்றாமல் போகலாம்.

இனி ஹைப்ரிட். அந்த ஒரே சொல்லை மூன்று வெவ்வேறு சரக்குகளின் மேல் ஒட்டி விற்கிறார்கள். முதலாவது மைல்டு ஹைப்ரிட். சின்ன பேட்டரியும் மோட்டாரும் எஞ்சினுக்குக் கை கொடுக்கும், பெரும்பாலானவற்றில் அந்த மோட்டாரால் தனியாகக் காரை நகர்த்த முடியாது. விலையில் கொஞ்சம் குறைவு, பலனும் குறைவு. இரண்டாவது முழு ஹைப்ரிட். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பேட்டரியில் பிடித்துவைத்து, சிக்னலில் கிளம்பும்போது அதைக்கொண்டே ஓடும். வயர் செருக வேண்டியதில்லை, பெட்ரோல் போட்டால் போதும். மூன்றாவது பிளக்-இன், உன் ஷோரூம்காரர் காட்டுவது. தினமும் சார்ஜ் போட்டால் அருமையான வண்டி, போடாவிட்டால் கனமான பேட்டரியைச் சும்மா சுமந்து திரியும். நீ இருப்பது நாலாவது மாடி, வாடகை வீடு, கீழே பார்க்கிங்கில் பிளக் கிடையாது. உனக்கு அந்த வண்டியை விற்கப் பார்க்கிறவர் உன் வீட்டைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டாரா?

எடை இன்னொரு விஷயம். பாரிஸ் நகருக்குள், 2024 அக்டோபர் முதல், 1.6 டன்னும் அதற்கு மேலும் உள்ள பெட்ரோல், டீசல், பிளக்-இன் வண்டிகளுக்கு வெளியூர்க்காரர் தெருவில் நிறுத்தினால் மூன்று மடங்கு கட்டணம். நடு வட்டாரங்களில் மணிக்கு 18 ஈரோ. நம் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பல் கடைத்தெருவின் பெரும்பகுதி பத்தாம் வட்டாரத்தில்தான் இருக்கிறது, அதுவும் இந்த நடு வட்டாரங்களில் ஒன்று. முருங்கைக்காய் வாங்கப் போய்விட்டு வந்தால் பார்க்கிங்குக்கே முப்பது ஈரோ போய்விடும். பிளக்-இன் எஸ்யூவிகளில் நிறைய இந்த எடையைத் தாண்டியவை. (நான் எந்தக் கார் வைத்திருந்தாலும் லா ஷப்பலுக்கு ஆர்இஆர் டி-யில்தான் போவேன், அது வேறு விஷயம்.) புது வண்டி பதிவு செய்யும்போது கட்டும் 'மலூஸ்' வரியும் உண்டு. 2026இல் கிலோமீட்டருக்கு 108 கிராம் கார்பன் புகையிலிருந்து அது தொடங்குகிறது. எடைக்கான வரி தனி, 1,500 கிலோவிலிருந்து. விலைப் பட்டியலில் இந்த இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று கேள். நம் புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்று வெளியூர்க்காரர்கள் பிஒய் நம்பர் போட்டுப் போனார்களே, அந்த மாதிரி குறுக்கு வழி அங்கே எடுபடாது.

வண்டியின் புகை அளவைக் காட்டும் கிரித்தேர் ஸ்டிக்கரைப் பற்றிப் பயந்திருக்கிறாய். உன்னுடையது மூன்றாம் எண். பாரிஸைச் சுற்றும் ஏ86 சாலை வளையத்துக்குள் 2025 ஜனவரி முதல் அதற்குத் தடை என்று விதி வந்தது, அதே வருஷம் இந்த மாதிரித் தடை மண்டலங்களையே எடுத்துவிடச் சொல்லி நாடாளுமன்றத்தில் வாக்களித்தார்கள். உன் வீடும் ருவாசியும் வளையத்துக்கு வெளியே. இதை வைத்து முடிவெடுக்காதே.

சரி, எதை வாங்குவது? சின்ன எஸ்யூவி, முழு ஹைப்ரிட். நான் என் பழைய டீசலைத் தள்ளிவிட்டு எடுத்தது டொயோட்டா யாரிஸ் கிராஸ். வலன்சியென் பக்கத்தில் ஒன்னேங் ஆலையில் செய்கிறார்கள், எடை 1.2 டன் அளவுதான். காலையில் பொத்தானை அழுத்தினால் சத்தமே வராது, 'ரெடி' என்று ஒரு பச்சை எழுத்து மட்டும் எரியும். முதல் சில நாள் வண்டி கிளம்பியதா இல்லையா என்று சந்தேகத்தோடுதான் கியரைத் தள்ளினேன். கிளட்ச் கிடையாது. வழக்கமான ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர் இரண்டும் இந்த அமைப்பில் இல்லை, அவை பழுதாகும் என்ற கவலையும் இல்லை. வேகம் குறைப்பதில் பாதி வேலையை மோட்டாரே பார்ப்பதால் பிரேக் கட்டைகள் நிதானமாகத்தான் தேய்கின்றன. சார்செல் நெரிசலில் பெட்ரோல் முள் நகர மாட்டேன் என்கிறது. ஆனால் ஆட்டோரூட்டில் 130இல் விரட்டினால் மற்ற பெட்ரோல் கார் குடிப்பதைத்தான் இதுவும் குடிக்கும், எஞ்சின் கத்தவும் செய்யும். பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் நெருக்கம். அப்பா அம்மா வரும்போது ஆளுக்கு இரண்டு பெட்டி கொண்டுவருவார்களே, அத்தனையும் டிக்கியில் போகாது. அப்பாவுக்கு முட்டிவலி என்கிறாய், அதற்கு மட்டும் எஸ்யூவியின் உயர இருக்கை நல்லது. குனியாமல் ஏறலாம்.

இதைத்தான் வாங்கு என்று சொல்லவில்லை. டேசியா டஸ்டரிலும் ரெனோவிலும் முழு ஹைப்ரிட் உண்டு, ஓட்டிப் பார். எதுவானாலும் 'கார்த் கிரீஸ்' என்ற பதிவுத் தாளில் பி.3 கட்டத்தைப் பார்க்கச் சொல். இஎச் என்றிருந்தால் வயர் செருகாத பெட்ரோல் ஹைப்ரிட், இஇ என்றிருந்தால் பிளக்-இன். இரண்டு மூன்று வருஷம் ஓடி, கம்பெனி டீலரிடம் உத்தரவாதத்தோடு வரும் வண்டியும் எனக்குச் சம்மதமே. புதுசு என்றால் சின்ன எஸ்யூவிக்கு முப்பதாயிரம் ஈரோவுக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும்.

பணம். உன் வேலை சேதேஇ, அதாவது நிரந்தரம், ஆகிவிட்டதா, இன்னும் சோதனைக் காலமா? சோதனைக் காலம் முடியாமல் எந்தக் கடன் தாளிலும் கையெழுத்து வைக்காதே. எல்ஓஏ என்று மாத வாடகை மாதிரி ஒரு திட்டம் சொல்வார்கள். மாதத் தொகை சின்னதாகத் தெரியும். முதல் மாதம் கட்டும் பெரிய தொகை, கிலோமீட்டர் வரம்பு, திருப்பித் தரும்போது கீறலுக்குப் போடும் பில், கடைசியில் வாங்கும் விலை, இந்த நாலையும் கூட்டிப் பார்த்த பிறகு பேசு. இன்ஷூரன்ஸும் உன்னைக் கடிக்கும். லைசென்ஸ் அங்கேயே புதிதாக எடுத்தவன் நீ, முதல் வருஷம் பிரீமியத்தில் நூறு சதவீதம் வரை கூடுதலாகப் போட அவர்களுக்கு உரிமை உண்டு. பிரீமியத்தைப் பெருக்கும் குணகம் 1.00இல் தொடங்கி, விபத்தில்லாத ஒவ்வொரு வருஷமும் ஐந்து சதவீதம் இறங்கும். ஆகவே விலை பேசும் முன்பே இரண்டு மூன்று கம்பெனியில் இன்ஷூரன்ஸ் கேட்டுவிடு. சிலருக்கு கார் கட்டுப்படியாகி இன்ஷூரன்ஸ் கட்டுப்படியாகாமல் போனதுண்டு.

பழையதை என்ன செய்வது? நம்மாட்கள் வழக்கப்படி அடுத்து ஊரிலிருந்து வரும் மச்சானுக்குத் தள்ளிவிடாதே. உனக்கு வந்ததே அப்படித்தான். விற்பதென்றால் ஆறு மாதத்துக்குள் எடுத்த கோந்த்ரோல் தாள் வேண்டும். தேறாது என்று தெரிந்தால் அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்து ரசீது வாங்கு. யாருக்கு விற்றாலும் கைமாற்றுப் பத்திரத்தைப் பதினைந்து நாளுக்குள் இணையத்தில் பதிந்துவிடு. இல்லையென்றால் வாங்கியவன் செய்யும் தப்புக்கெல்லாம் அபராதம் உன் தபால்பெட்டிக்கு வரும்.

ஹைப்ரிட்டில் பெரிய பேட்டரி தவிர, சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் உண்டு, சின்னது. ஒரு மாத லீவில் நீ கடலூரில் இருக்கும்போது அது இறங்கிப்போகலாம். வில்லியேயில் யாரிடமாவது சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை ரெடியில் போட்டு ஒரு மணி நேரம் விடச் சொல். இறங்கிய பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் பூஸ்டர் ஒன்று வாங்கி வைத்தாலும் சரி, ஆனால் வண்டிக்குள் பூட்டி வைக்காதே, பேட்டரி இறங்கினால் கதவு திறப்பதே பாடாகிவிடும்.

கடைசியாக, சனிக்கிழமை ஷோரூமில் "இன்றைக்கு மட்டும் இந்த விலை" என்பார்கள். கடன் இல்லாமல் நேரில் போட்ட ஆர்டரிலிருந்து பின்வாங்கும் உரிமை அங்கே சட்டத்தில் கிடையாது. ஆர்டர் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, படமெடுத்து எனக்கு அனுப்பு. இங்கே விடியும்போது பார்த்துவிடுவேன், அதுவரை கையெழுத்துப் போடாதே.