ஸ்ஃபிங்க்ஸ், டெம்ப்ளேட், ஏபிஐ ஆவணம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பைத்தான் லைப்ரரிகளுக்கு ஸ்ஃபிங்க்ஸ் வைத்து ஆவணம் தயாரிப்பது பல வருடமாக என் வேலையில் பாதி. நிரலுக்குள்ளேயே எழுதிவைக்கும் விளக்கமான டாக்ஸ்ட்ரிங்கை எடுத்து, டெம்ப்ளேட்டில் ஊற்றி, நமக்கு வேண்டிய வடிவத்தில் பக்கமாக்குவது பற்றி எதையும் கேட்கலாம். சி++ பக்கம் இதே வேலையைச் செய்யும் டாக்ஸிஜனும் ஓரளவு தெரியும். ஒரு விஷயம் முதலிலேயே: இருக்கும் டெம்ப்ளேட்டை முழுசாக நகல் எடுத்துத் திருத்தாதீர்கள். இன்று இதைப் பத்து முறையாவது சொல்வேன்.

புதுக்கம்பைலர்: அக்கா, ஒவ்வொரு கிளாஸுக்கும் தனிப் பக்கம் வேண்டும். மேலே மெத்தட் பட்டியல், கீழே விளக்கம். ஆட்டோசம்மரி போட்டால் அதுபாட்டுக்கு ஏதோ ஒரு வடிவில் வருகிறது. எங்கே கை வைப்பது?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆட்டோசம்மரி என்ற ஸ்ஃபிங்க்ஸ் நீட்சி இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதலில் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு குட்டி ஆர்எஸ்டி கோப்பை (ஸ்ஃபிங்க்ஸ் படிக்கும் உரை வடிவம்), ஜிஞ்சா என்ற டெம்ப்ளேட் மொழியில் இருக்கும் டெம்ப்ளேட்டிலிருந்து எழுதி வைக்கும். அப்புறம் ஆட்டோடாக் என்ற இன்னொரு நீட்சி வந்து அந்தக் கோப்பைப் படித்து, நிஜ கிளாஸை எடுத்து, டாக்ஸ்ட்ரிங்கை நிரப்பும். டெம்ப்ளேட்டுக்கு வருவது பெயர்கள் மட்டும்தான், டாக்ஸ்ட்ரிங் அங்கே வருவதில்லை. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். எந்த மெத்தட் பட்டியலில் வர வேண்டும், எந்தத் தலைப்பின் கீழ், எந்த வரிசையில் என்பதையெல்லாம் டெம்ப்ளேட்டில் முடிவு செய்யலாம். பாராமீட்டர் விளக்கம் பக்கத்தில் எப்படித் தெரிய வேண்டும் என்பது அங்கே முடியாது, அது டாக்ஸ்ட்ரிங்கைப் பிரித்து அடுக்கும் நெப்போலியன் நீட்சிக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் உரிய வேலை.

உங்கள் டெம்ப்ளேட் ஃபோல்டருக்குள் ஆட்டோசம்மரி என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் கிளாஸ் என்ற பெயரில் ஆர்எஸ்டி கோப்பு, இவ்வளவுதான். கட்டளையில் டாக்ட்ரீ ஆப்ஷன் கொடுக்க மறந்தால் குட்டிக் கோப்புகளே உருவாகாது, டெம்ப்ளேட்டை எவ்வளவு திருத்தினாலும் பக்கம் அப்படியே இருக்கும். மூலக் கோப்பு சுமார் முப்பது வரி. இதை நகல் எடுத்தால் திட்ட மாட்டேன்.

அடுத்து உங்களுக்கு வரப்போகும் தலைவலியையும் சொல்லிவிடுகிறேன். மெத்தட்ஸ் என்ற பட்டியலில் தாய் கிளாஸிலிருந்து வந்தவையும் சேர்ந்தே இருக்கும். நீங்கள் எழுதியது நாலு மெத்தட், பக்கத்தில் எண்பது தெரியும். இன்ஹெரிட்டட் மெம்பர்ஸ் என்று இன்னொரு பட்டியலும் டெம்ப்ளேட்டுக்குக் கிடைக்கிறது. லூப்புக்குள் ‘இதில் இல்லாதவை மட்டும்’ என்று ஒரு நிபந்தனை வைத்தால் போதும்.

இன்னொன்று, பட்டுத் தெரிந்துகொண்டது. ஜிஞ்சாவில் மாறியின் பெயரைத் தப்பாக அடித்தால் அது வாயே திறக்காது, கமுக்கமாக வெற்றிடத்தை வைத்துவிட்டுப் போய்விடும். முன்பு வேலை பார்த்த இடத்தில் எக்செப்ஷன்ஸ் என்ற சொல்லில் ஓர் எழுத்தை நான் விட்டுவிட்டதால், பல மாதம் எங்கள் ஆவணத்தில் பிழை வகைகள் என்ற பகுதியே இல்லை. வாடிக்கையாளர் ஒருவர் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

சேலம்_ஸ்டாக்: மேடம், எங்கள் பேமெண்ட் ஏபிஐக்கு ஸ்வாகர் பக்கத்தின் நிறத்தை மாற்ற முடியுமா?

இங்கே பேசுவது லைப்ரரியின் ஏபிஐ: கிளாஸ், ஃபங்ஷன். வெப் ஏபிஐ என்றால் ஓப்பன்ஏபிஐ தெரிந்தவரைப் பிடியுங்கள். மேடம் வேண்டாமே.

அகரவரிசை: நான் எழுதிய வரிசையில் வராமல் ஏ, பி, சி என்று அடுக்குகிறது.

ஆட்டோடாக் மெம்பர் ஆர்டர் என்ற அமைப்பை பைசோர்ஸ் என்று வையுங்கள்.

நள்ளிரவு_பில்ட்: ஆவணம் பில்ட் செய்தால் டேட்டாபேஸ் கனெக்ஷன் கிடைக்கவில்லை என்று விழுகிறது. ஆவணத்துக்கு எதற்கு டேட்டாபேஸ்?

ஆட்டோடாக் உங்கள் மாட்யூலை நிஜமாகவே இம்போர்ட் செய்கிறது. கோப்பின் மேல்மட்டத்தில் எதை எழுதியிருந்தாலும் அது ஓடும். கனெக்ஷனை ஒரு ஃபங்ஷனுக்குள் தள்ளுங்கள், அதுதான் சரியான வைத்தியம். வெளி லைப்ரரி இல்லாததால் விழுந்தால் ஆட்டோடாக் மாக் இம்போர்ட்ஸ் பட்டியலில் அதன் பெயரைச் சேர்க்கலாம். இம்போர்ட்டே வேண்டாம் என்றால் ஸ்ஃபிங்க்ஸ் ஆட்டோஏபிஐ இருக்கிறது, நிரலை ஓட்டாமல் படித்து மட்டும் பார்க்கும், அதற்கும் தனி ஜிஞ்சா டெம்ப்ளேட் உண்டு. ஆனால் ஓடும்போது உருவாகும் மெத்தட்கள் அதன் கண்ணில் படாது.

ரஸ்ட்_ராசா: ரஸ்ட்டாக்குக்கு டெம்ப்ளேட் எங்கே?

ரஸ்ட் மொழியின் அந்த ஆவணக் கருவிக்கு டெம்ப்ளேட் கிடையாது. தலைப்பகுதியிலும் உள்ளடக்கத்துக்கு முன்னும் பின்னும் எச்டிஎம்எல் சேர்க்கலாம், சிஎஸ்எஸ் சேர்க்கலாம், அவ்வளவுதான்.

எண்ட்பாயிண்ட்: ஃபாஸ்ட்ஏபிஐ எண்ட்பாயிண்ட் எல்லாவற்றையும் பட்டியல் போட டெம்ப்ளேட்?

மேலே சேலம்_ஸ்டாக் கேள்வியைப் பாருங்கள், அதே பதில்தான். ஃபாஸ்ட்ஏபிஐ அதைத் தானே செய்துகொள்ளும்.

தமிழ்_பிடிஎஃப்: என் டாக்ஸ்ட்ரிங் எல்லாம் தமிழில். எச்டிஎம்எல் பிரச்சினை இல்லை, பிடிஎஃப் எடுத்தால் பிழை.

ஸ்ஃபிங்க்ஸ் இயல்பாக எடுத்துக்கொள்ளும் பிடிஎஃப்லேடெக் தமிழுக்கு ஒத்துவராது. லேடெக் எஞ்சினை ஸீலேடெக் என்று மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் கொடுங்கள். எழுத்துரு அமைப்பில் ஸ்கிரிப்ட் தமிழ் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

அடிக்குறிப்பு: எல்லாப் பக்கத்தின் அடியிலும் எங்கள் லைசென்ஸ் வரி வர வேண்டும். தீமின் லேஅவுட் கோப்பை நகல் எடுத்து…

நிறுத்துங்கள். நகல் வேண்டாம். உங்கள் டெம்ப்ளேட் ஃபோல்டரில் லேஅவுட் என்று புதுக் கோப்பு. முதல் வரியில் எக்ஸ்டெண்ட்ஸ், மூல லேஅவுட்டின் பெயர், பெயருக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி. அந்தக் குறி இல்லாவிட்டால் கோப்பு தன்னையே தேடிக்கொண்டு சுற்றும். பிறகு ஃபுட்டர் பிளாக்கை மட்டும் திறந்து, சூப்பர் என்று கூப்பிட்டுப் பழைய அடிப்பகுதியை வரவழைத்து, அதன் கீழே உங்கள் வரி. மொத்தம் ஐந்து வரி.

பழையசோறு: அக்கா, இதில் எனக்கு உடன்பாடில்லை. நான் 2019இல் லேஅவுட்டை முழுசாக நகல் எடுத்தேன். இன்றுவரை ஓடுகிறது. ஸ்ஃபிங்க்ஸ் பதிப்பைக் கட்டிப்போட்டுவிட்டால் என்ன பிரச்சினை?

ஸ்ஃபிங்க்ஸை மட்டும் கட்டிப்போட்டீர்களா? 2022 மார்ச்சில் ஜிஞ்சா 3.1 வந்து பழைய ஸ்ஃபிங்க்ஸை எல்லாம் இம்போர்ட் பிழையில் தள்ளியதே, அன்றைக்கு என்ன செய்தீர்கள்?

பழையசோறு: ஜிஞ்சாவையும் கட்டிப்போட்டேன். அதற்கு முந்தைய மாதம், ஜிஞ்சா சார்ந்திருக்கும் மார்க்அப்சேஃபையும்.

பார்த்தீர்களா, மாட்டைக் கட்டப் போய்த் தொழுவத்தையே கட்டி வைத்திருக்கிறீர்கள். பைத்தான் 3.13இல் இம்ஜிஎச்டிஆர் மாட்யூலை எடுத்துவிட்டார்கள், உங்கள் ஸ்ஃபிங்க்ஸ் அதைக் கேட்கும். அதற்காகப் பைத்தானையும் கட்டிப்போடுவீர்களா?

பழையசோறு: ஆவணத்துக்குத் தனி டாக்கர், பழைய பைத்தான். நீங்கள் சொல்லும் எக்ஸ்டெண்ட்ஸ் வழி மட்டும் சாசுவதமா? டைப்ஸ்கிரிப்ட்டுக்கான டைப்டாக் 0.22இல் ஹேண்டில்பார்ஸ் டெம்ப்ளேட் மொழியையே தூக்கிவிட்டு ஜேஎஸ்எக்ஸுக்குப் போனார்கள். நகல் எடுத்தவன், எடுக்காதவன் எல்லோரும் ஒரே பள்ளத்தில்தான் விழுந்தார்கள்.

டைப்டாக் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, மறுக்க மாட்டேன். டெம்ப்ளேட் மொழியே மாறினால் யாரும் தப்ப முடியாது. ஆனால் பள்ளத்திலிருந்து ஏறும்போது ஐந்து வரி வைத்திருப்பவர் மதியத்துக்குள் ஏறிவிடுவார். ஸ்ஃபிங்க்ஸ் 6.0இல், 2022 கடைசியில், ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை எடுத்தார்கள். நகலுக்குள் அதன் டாலர் குறி ஸ்கிரிப்ட் வைத்திருந்தவர்களுக்குத் தேடல் பெட்டி, மெனு எல்லாம் செத்துப்போனது. பிளாக்கை மட்டும் மாற்றியவர்களில் பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை. டாக்கருக்குள் ஆவணம் எடுக்கிறீர்கள் என்றால் உங்கள் லைப்ரரியும் அந்தப் பழைய பைத்தானிலேயே இம்போர்ட் ஆக வேண்டும், நினைவிருக்கட்டும். புது இலக்கணத்தில் ஒரு வரி எழுதினாலும் ஆட்டோடாக் விழும்.

பழையசோறு: …அது போன மாதமே ஆரம்பித்துவிட்டது.

சி_பிளஸ்_சிங்காரம்: சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. டாக்ஸிஜன் தலைப்பகுதியை மாற்ற என்ன வழி?

டபிள்யூ ஆப்ஷன், சின்ன எழுத்து டபிள்யூ, கொடுத்தால் ஹெட்டர், ஃபுட்டர், சிஎஸ்எஸ் மூன்றையும் எழுதித் தரும். இங்கே நகல்தான் வழி, எனக்குப் பிடிக்காது, வேறு வழியும் இல்லை. டாக்ஸிஜனைப் புதுப்பித்தால் ஹெட்டரை மறுபடி எழுதச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். நிறம், எழுத்து அளவு மட்டும்தான் என்றால் ஹெட்டரைத் தொடாமல் எக்ஸ்ட்ரா ஸ்டைல்ஷீட் கொடுங்கள்.

போஸ்ட்மேன்_பாண்டி: போஸ்ட்மேன் கலெக்ஷனை…

இல்லை.

பழையசோறு: அக்கா, டிஃப் போட்டுப் பார்த்தேன். கோப்பு நூற்றுச் சொச்சம் வரி, நான் மாற்றியது ஒன்பது. ஆறு வரி நிறமும் எழுத்துருவும், இரண்டு அடிப்பகுதி, ஒன்று எதற்கென்று எனக்கே ஞாபகம் இல்லை.

அந்த ஆறும் சிஎஸ்எஸ் கோப்புக்குப் போகட்டும், எச்டிஎம்எல் சிஎஸ்எஸ் ஃபைல்ஸ் அமைப்பில் அதன் பெயரைச் சேருங்கள். இரண்டும் ஃபுட்டர் பிளாக்குக்குள். ஞாபகம் இல்லாததை எடுத்துவிட்டு, டபிள்யூ ஆப்ஷனோடு, பெரிய எழுத்து டபிள்யூ, ஒரு பில்ட் ஓட்டுங்கள். எச்சரிக்கை எல்லாம் பிழையாக நிற்கும். பில்ட் தாண்டினாலும் நாலு பக்கத்தைத் திறந்து கண்ணாலும் பாருங்கள், ஜிஞ்சா சொல்லாது.