மருந்து எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது?

கேள்வி: ஒரு மருந்து வேலை செய்வது தெரிந்தும், அது எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்பது தெரியாமல் இருக்குமா? அதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: தாராளமாக இருக்கும். தாலிடோமைடு 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. கருவிலிருக்கும் குழந்தையின் கைகால்களைக் குலைக்கிறது என்று தெரிந்து 1961-ல் திரும்பப் பெற்றார்கள். அது பிடிப்பது செரிபிளான் என்ற புரதத்தை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியதோ 2010-ல்தான். நுண்மணிகளில் மருந்தை ஒட்டி, செல்சாற்றில் போட்டு, கூடவே வந்த புரதத்தைப் பார்த்தார்கள்.

இந்த முறைக்குச் செல்லை உடைத்தாக வேண்டும். பிடிப்பு லேசானது என்றால் கழுவும்போதே புரதம் போய்விடும். அதனால் இப்போது மூலக்கூறிலேயே இரண்டு சின்ன ஒட்டுகள் வைக்கிறோம். ஒன்று டயசிரின்: ஒரு கார்பன், இரண்டு நைட்ரஜன் கொண்ட முக்கோண வளையம். உயிருள்ள செல்லின் மேல் 365 நானோமீட்டர் அளவில் புற ஊதா ஒளி காட்டினால் நைட்ரஜன் வாயுவாகக் கழன்றுவிடும். மிஞ்சும் கார்பீன் பக்கத்திலிருக்கும் புரதத்தோடு கெட்டியாகப் பிணைந்துகொள்ளும். இன்னொன்று அல்கைன்: முப்பிணைப்பால் இணைந்த இரண்டு கார்பன்கள். அது செல்லுக்குள் சும்மா கிடக்கும். பிறகு செம்பு வினையூக்கியோடு பயோட்டின் அசைடைச் (பயோட்டின் என்ற வைட்டமினைச் சுமக்கும் கொக்கி) சேர்த்தால் அல்கைனில் வந்து மாட்டிக்கொள்ளும் (2022 வேதியியல் நோபல் பெற்ற ‘க்ளிக்’ வேதியியல் இதுதான்). அப்புறம் பயோட்டினைக் கெட்டியாகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய மணிகளால் இழுத்து, மூலக்கூறுகளை எடை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எந்தெந்தப் புரதம் என்று பார்க்க வேண்டியதுதான்.

கேள்வி: அப்படி மாட்டுவதெல்லாம் உண்மையான இலக்குதானா?

பதில்: இல்லவே இல்லை. கார்பீனுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. செல்லில் மலிந்து கிடக்கும் டியூபுலின், ஆக்டின் எல்லாம் வரும். பைருவேட் கார்பாக்சிலேஸ் தவறாமல் வரும்; அதில் பயோட்டின் இயற்கையாகவே இருக்கிறது! மாணவர்கள் நீளப் பட்டியலோடு சந்தோஷமாக வருவார்கள். “போட்டிச் சோதனை எங்கே?” என்பேன். முகம் வாடிவிடும். ஒட்டில்லாத அசல் மருந்தை ஏராளமாக முதலில் கொடுத்துவிட்டு, அதே பரிசோதனையைச் செய்ய வேண்டும். அசல் மருந்து இடத்தைப் பிடித்துக்கொள்வதால் எந்தப் புரதம் மாட்டும் அளவு குறைகிறதோ அதை மட்டும் நான் நம்பத் தொடங்குவேன். பிறகு அந்தப் புரதத்தைச் செல்லில் குறைத்துப் பார்த்து, மருந்தின் விளைவு மாறுகிறதா என்றும் கேட்பேன்.

கேள்வி: ஒட்டு வைத்தால் மருந்தின் குணமே மாறிவிடாதா?

பதில்: மாறலாம். பல வேளைகளில் மருந்தின் வீரியம் செத்தே போகும். எந்த முனையை மாற்றினாலும் வீரியம் குறையவில்லையோ அங்கேதான் ஒட்ட வேண்டும். அதைத் தேடவே மாதக்கணக்கில் ஆகும்.