பாயிண்டில் போகும் பணம், வட்டியில் போகும் பணம்: உழவர் கேள்வி பதில்

கேள்வி: மூன்று ஏக்கர் மரவள்ளி. என் கிழங்குக்கு வியாபாரி 26 பாயிண்ட் என்கிறார், பக்கத்துத் தோட்டத்துக்கு 28. ரகமும் ஒன்றுதான், மண்ணும் ஒன்றுதான். அந்த இரண்டு பாயிண்ட் எங்கே போகிறது?
- வாசகர், கெங்கவல்லி

பதில்: பாயிண்ட் என்பது கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு. முதலில் அந்த இரண்டு பாயிண்ட் எவ்வளவு பணம் என்று போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு டன் கிழங்கில் பாயிண்டுக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை அன்றாடம் மாறும், இது கணக்குக்காக. டன்னுக்கு 500 ரூபாய் குறைகிறது. ஏக்கருக்குப் பத்து டன் என்றால் மூன்று ஏக்கருக்கு 15,000 ரூபாய். உர மூட்டைக்குப் பேரம் பேசி மிச்சம் பிடிப்பதைவிட இது பெரிய தொகை.

ஆலையில் பாயிண்ட் பார்ப்பது எளிய வேலைதான். மாதிரிக் கிழங்கை வெளியில் ஒருமுறை நிறுப்பார்கள், தண்ணீரில் மூழ்கவைத்து மறுமுறை நிறுப்பார்கள். மாவு கூடக் கூடத் தண்ணீருக்குள் எடை அதிகம் காட்டும். தவறு நடப்பது மூன்று இடங்களில். மண் ஒட்டிய கிழங்கை நிறுத்தால், வெளியே எடையில் சேர்ந்த மண் தண்ணீரில் கரைந்துபோகும். பாயிண்ட் குறைவாகத் தெரியும். கூடைக்குள் காற்றுக் குமிழி தங்கினாலும் அதே கதை. மூன்றாவது, மாதிரியை எடுக்கும் கை. சொத்தையும் சுண்டுவிரல் பருமனும் மட்டும் பொறுக்கினால் எந்த ரகமும் தேறாது. மாதிரி எடுக்கும்போது நீங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், டீக்கடையில் அல்ல.

இதைத் தோட்டத்திலேயே பார்க்கலாம். கொக்கி வைத்த டிஜிட்டல் தராசு ஒன்று, கம்பிக்கூடை ஒன்று, டிரம் நிறையத் தண்ணீர். வயலில் ஐந்து இடத்தில் ஒவ்வொரு செடி பிடுங்கி, கிழங்கைக் கழுவி, ஈரம் துடைத்து, சரியாக 3 கிலோ எடுங்கள். வெறுங்கூடை தண்ணீருக்குள் என்ன எடை காட்டுகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, பிறகு கிழங்கோடு இறக்குங்கள். கூடை டிரம்மின் சுவரிலோ அடியிலோ படக்கூடாது. இரண்டு முறை ஆட்டிக் குமிழியை விரட்டிவிட்டு எடையைப் படித்து, கூடை எடையைக் கழியுங்கள். இன்று 360 கிராம், இரண்டு வாரம் கழித்து 390 என்றால் மாவு ஏறிக்கொண்டிருக்கிறது, பிடுங்காமல் இன்னும் காத்திருக்கலாம். குறைந்தால் கிழங்கு தன் மாவைத் துளிருக்குக் கொடுக்கிறது என்று பொருள். வறட்சிக்குப் பின் நல்ல மழை பெய்து புதுத்துளிர் விடும் நேரத்தில் பிடுங்குகிறவர்களுக்குப் பாயிண்ட் அடிபடுவது இதனால்தான்.

வயலில் செய்யக்கூடியதும் உண்டு. யூரியா கூடினால் இலைதான் செழிக்கும். மாவுக்குச் சாம்பல் சத்து (பொட்டாசியம்) வேண்டும். பாசன மரவள்ளிக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 240 கிலோ சாம்பல் சத்து. அந்தச் சத்து கிடைக்க ஏக்கருக்குச் சுமார் 160 கிலோ பொட்டாஷ் உரம் வேண்டும். அடியுரமாகப் பாதி, 90ஆம் நாள் பாதி. மண் பரிசோதனை செய்திருந்தால் அதன்படி குறைத்துக்கொள்ளுங்கள். இளம் இலை வெளுத்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் இரும்பு சல்பேட், 50 கிராம் துத்தநாக சல்பேட் கலந்து 60, 90ஆம் நாட்களில் தெளிக்கலாம்.

வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் மேலே சொன்ன எதுவும் முழுப் பலன் தராது. விலை பேசும் வாய் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும். அக்கம்பக்கத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு லாரி லோடு தேற்றி ஆலைக்கு நேராக அனுப்பிப் பாருங்கள். வண்டியோடு எடை, வெறும் வண்டி எடை, கழிவு, பாயிண்ட் நான்கும் எழுதிய சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கிழங்குக்குள் நீலக்கோடு ஓடிவிடும். அதனால் ஆலையில் நாள் வாங்கிய பிறகே ஆளை இறக்குங்கள். ஜவ்வரிசி விற்றுத்தரும் சேலம் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர்கள் ஆலைக்காரர்கள்தான், விவசாயிகள் அல்ல. ஆனாலும் அங்கே 90 கிலோ ஜவ்வரிசி மூட்டை என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு பேரம் பேசுவது வேறு, தெரியாமல் பேசுவது வேறு.

கேள்வி: மூணு வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கியிருக்கிறேன். பட்டா இறந்துபோன அப்பா பெயரில். எனக்குச் சொசைட்டியில் கடன் கிடைக்குமா?
- வாசகர், ஓமலூர்

பதில்: மூணு வட்டி என்றால் மாதம் 3,000, வருடம் 36,000 ரூபாய். அதே ஒரு லட்சம் தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனாக இருந்து, தவணைத் தேதிக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. வங்கியில் கிசான் கார்டு என்றால் 3 லட்சம் வரை 7 சதவீதம். நாள் தவறாமல் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி போக 4,000 ரூபாய்தான். 2025 ஜனவரி முதல் வங்கிகள் 2 லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது.

உங்களுக்கு முட்டுக்கட்டை பட்டாதான். இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்து, அதை வைத்துப் பட்டா மாறுதல் கேளுங்கள். அக்கா, தங்கை உட்பட எல்லா வாரிசுகள் பெயரும் கூட்டுப் பட்டாவில் வரும். கடனுக்கு அவர்கள் சம்மதம் எழுதித்தர வேண்டியிருக்கும். இதைப் பேசாமல் தள்ளிப்போட்டுத்தான் பலர் வட்டிக்கடையிலேயே கிடக்கிறார்கள். பிறகு சங்கத்தில் உறுப்பினராகி, சிட்டா, ஆதார், பாஸ்புத்தகத்தோடு, வயலில் என்ன பயிர் என்று விஏஓ எழுதித் தரும் அடங்கலையும் கொடுங்கள்.

அந்த அடங்கலை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்பது பயிரைப் பொறுத்தது. மரவள்ளி நிற்கும் வயலுக்குச் சோளம் என்று எழுதியிருந்தால் தொகை குறையும், காப்பீடும் சிக்கலாகும். தவணைத் தேதி அறுவடைக்குப் பின்னால் விழுகிறதா என்று செயலாளரிடம் கடன் வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள். பத்து மாதப் பயிருக்கு எட்டாம் மாதம் தவணை வந்தால், அதைக் கட்ட மறுபடி வட்டிக்கடைக்குத்தான் போவீர்கள்.

கேள்வி: இன்சூரன்ஸ் கட்டியும் காற்றில் சாய்ந்த பயிருக்குப் பணம் வரவில்லையே?
- வாசகர், தலைவாசல்

பதில்: வராது. பிரதமர் பயிர்க் காப்பீடு உங்கள் வயலை அளப்பதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது குறுவட்டத்தின் சராசரி மகசூல் குறைந்தால்தான் எல்லாருக்கும் சேர்த்து இழப்பீடு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் தேங்குவது போன்றவற்றுக்கு மட்டும் தனி வயலைப் பார்ப்பார்கள். அதற்கும் 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணுக்கோ வங்கிக்கோ தகவல் சொல்லியிருக்க வேண்டும். இந்த விதி தெரியாமல் பிரீமியம் கட்டுகிறவர்களே அதிகம். ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம் அங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: ஏற்காட்டில் ஒன்றரை ஏக்கர் அராபிகா காப்பி. பழமாகவே விற்கிறேன். பார்ச்மென்ட் ஆக்கினால் லாபமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: பழத்தின் தோலை நீக்கி, கழுவிக் காயவைத்த, மேலோடு உரிக்காத கொட்டைதான் பார்ச்மென்ட். 100 கிலோ பழத்துக்குச் சுமார் 20 கிலோ தேறும். ஆகவே பார்ச்மென்ட் விலை பழ விலையைப் போல் ஐந்து மடங்கு என்றால் கையில் எதுவும் நிற்காது, கூலி நட்டம்தான். ஆறு மடங்கைத் தாண்டினால் இறங்கலாம்.

பச்சையும் சிவப்பும் கலந்து பறித்தால் அந்த ஆறாவது மடங்கு காணாமல் போகும். பறித்த அன்றே தொட்டியில் கொட்டி மிதப்பதை அள்ளிவிட்டு, தோல் நீக்கி, 24 முதல் 36 மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். கையில் தேய்த்தால் வழுவழுப்பு போய்ச் சரசரவென்று இருக்க வேண்டும். மேசை வலையில் மெல்லிசாகப் பரப்பி ஈரம் 10 சதவீதத்துக்கு வரும்வரை காயவையுங்கள். மலை மூடுபனிக்குச் சாயங்காலமே மூடாவிட்டால் பூஞ்சை வாடை ஏறும். வாங்குகிறவர் மூக்கு அதை விடாது. கழுவத் தண்ணீர் இல்லாத தோட்டம் என்றால் இந்த வேலையே வேண்டாம்.

நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றியிருந்தால் அதைப் பச்சையாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 100 கிலோ பச்சைக்கு 33 கிலோ வரை உலர் மிளகு கிடைக்கும். உதிர்த்ததைக் கூடையோடு கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் காயவைத்தால் நிறம் ஒரே கறுப்பாக வரும், காயும் நாளும் குறையும். உலர் மிளகு மூட்டையில் தாங்கும். காப்பிப் பழத்தைப் போல அன்றைக்கே விற்றாக வேண்டும் என்ற நெருக்கடி அதற்கு இல்லை.